புதன்கிழமைக்குச் சிவப்பு

அந்த அக்கா வீட்டு மாதக் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகள் கறுப்பாக இருக்கும். புதன்கிழமைகள் சிவப்பாக இருக்கும். அச்சாபீஸ்காரர் மேல் பழி போட வேண்டாம். புது வருஷக் காலண்டர் வந்த அன்றே, மகனின் பேனாவை வாங்கி ஞாயிறுகளின் மேல் கறுப்பாக அழுத்தி எழுதிவிட்டு, குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தீக்குச்சி முனையால் புதன்கிழமைகளைச் சிவப்பாக்கிவிடுவார்.

"ஊருக்கு லீவுன்னா ஊரு காலண்டர்ல சிவப்பு அடிச்சுக்கிடட்டும். இது எங்க வீட்டு ஆணியில தொங்குது" என்பார்.

எண்பதுகளின் கடைசி அது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் டைம் ஆபீசில் நான் குமாஸ்தா. காலையில் சங்கு ஊதி ஐந்து நிமிஷம் கழித்துச் சின்ன கேட்டைச் சாத்துவது, ஆட்களின் அட்டையில் நேரம் அடிப்பது, மேனேஜர் சொல்லும் அறிவிப்புகளைத் தமிழ் டைப்ரைட்டரில் தட்டுவது, இவ்வளவுதான் என் ராஜ்யம். அதிலும் கேட்டைச் சாத்துவதில்தான் எனக்குத் தனி ருசி. மூச்சிரைக்க ஓடி வருகிறவர்களைப் பார்த்து, "சங்கு ஊதியாச்சு, சங்கு ஊதியாச்சு" என்று ராகம் போட்டுச் சொல்வேன். வீட்டில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் வந்த வியாதி.

அக்கா ரீலிங்கில் இருந்தார். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கட்டுகிற பகுதி. நாற்பது பெண்கள். பஞ்சுத் தூசி படிந்து எல்லோர் தலையும் நரைத்த மாதிரி இருக்கும், இவர் மட்டும் வெளியே வந்ததும் தலையை ஒரு உதறு உதறிப் பத்து வயதைக் கீழே கொட்டிவிட்டுப் போவார். எங்கள் தெருதான், மூன்று வீடு தள்ளி. என் பெயர் அவருக்குத் தெரியும். ஆனாலும் "ஏலே டைமாபீசு" என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் மில் ஏழு நாளும் ஓடும். ஆட்களுக்குத்தான் முறை வைத்து வார லீவு. ஒரு பகுதிக்குத் திங்கள், இன்னொன்றுக்கு வெள்ளி, ரீலிங்குக்குப் புதன், எங்கள் ஆபீசுக்கு ஞாயிறு. ஆகவே எங்கள் தெருவில் வாரத்தின் எல்லா நாளும் யாராவது ஒருவருக்கு ஞாயிறு. அடுத்த வீட்டுக்காரம்மா தெலுங்கு பேசுகிறவர், ஞாயிறை ஆதிவாரம் என்பார். "ஏமம்மா, உனக்குப் புதவாரமே ஆதிவாரமா?" என்று கேலி செய்வார்.

"ஆமா, ஆதிக்கு முந்தியே வந்த வாரம்" என்பார் அக்கா.

மற்றவர்கள் எல்லோரும் தங்கள் லீவு நாளை ஒரு சமாதானத்தோடுதான் வைத்திருந்தார்கள். கல்யாணம் காட்சி வந்தால் அதை மாற்றிக்கொள்வார்கள். என்னிடம் வந்து, "தம்பி, இந்தத் தடவை மட்டும் ஞாயித்துக்கெழமைக்கு மாத்திப் போடு" என்று குழைவார்கள். பதினோரு வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூட அப்படி வந்ததில்லை. புதனைக் கேட்டு மேஸ்திரி வந்தாலும் கொடுத்ததில்லை. "அவசர ஆர்டரு, இந்த ஒரு புதன் வாங்க" என்பார் அவர். "என் தாலியக் கேளு, கழட்டித் தாரேன். புதன்கெழமையக் கேக்காத" என்பார் அக்கா. மேஸ்திரி காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்.

எண்ணெய்க் குளியலும் புதன்தான். பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி; ஆண்களுக்குப் புதன், சனி என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. இவர் புதன்கிழமை காலை பிள்ளைகளையும் வீட்டுக்காரரையும் அனுப்பிவிட்டு, தலையில் நல்லெண்ணெய் வழிய வாசலில் வந்து நிற்பார். தெருவில் ஒரு பெரியவர் பொறுக்க மாட்டாமல், "ஏத்தா, இது ஆம்பளைக குளிக்கிற கெழமல்லா?" என்று கேட்டேவிட்டார்.

"செவ்வாயும் வெள்ளியும் மில்லுச் சங்கு ஊதாதுன்னு எழுதி வாங்கியாங்க. அன்னிக்குக் குளிக்கேன்" என்றார் அக்கா.

என் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா வரவில்லை. புதன்கிழமை பதினோரு மணிக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவோடு வந்து, "கல்யாணத்துக்கு வந்திருக்கேன்" என்று உட்கார்ந்திருக்கிறார். நான் வேலையில் இருந்தேன். வீட்டில் புதுப்பெண் தனியாக இருந்தாள். பதறிப்போய் ரசம் வைத்து, அப்பளம் பொரித்து, இலை போட்டிருக்கிறாள். சாப்பிட்டபடியே அக்கா கேட்டிருக்கிறார்: "ஒனக்கு எந்தக் கெழம லீவு?"

"நான்தான் வேலைக்கே போகலையே அக்கா."

"அப்படின்னா ஒனக்கு லீவே கெடையாதுன்னு சொல்லு."

இதை ராத்திரி என் மனைவி சொன்னபோது நான் நன்றாகச் சிரித்தேன். அவளும் சிரிக்கிறாளா என்று பார்க்கவில்லை.

புதன்கிழமை அக்கா எங்கே போகிறார் என்பது தெருவுக்கு ஒரு மர்மம். என் கல்யாணச் சாப்பாடு மாதிரி ஏதாவது இருந்தாலொழிய, குளித்து முடித்து ஒன்பது மணி பஸ் ஏறுவார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும் முன் நாலு மணிக்குத் திரும்பிவிடுவார். ரகசியமாகச் சீட்டுப் பிடிக்கிறார் என்றது ஒரு கட்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நிலத் தகராறு, கோர்ட்டுக்குப் போகிறார் என்றது இன்னொன்று. வேறு மாதிரியும் பேசினார்கள். அந்தக் கட்சியில் நானும் கொஞ்சநாள் உறுப்பினர் என்பதை வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு புதன்கிழமை மில் காகிதக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. வேலை முடிந்து திருமுக்குளம் பக்கமாக வந்தேன். படியில், தண்ணீரில் கால் வைத்தபடி அக்கா. பக்கத்தில் இலையில் கொஞ்சம் பால்கோவா. முதுகில் ஈரக் கூந்தல்.

துப்பறிகிறவன் மாதிரி பம்மிப் போய் நின்றேன்.

"என்னக்கா, இங்க என்ன பண்ணுதீக?"

"ஒண்ணும் பண்ணலை."

"யாரும் வாராகளா?"

"யாரும் வரலை. அதுக்குத்தான வந்தேன்."

"சாமி கும்பிட்டாச்சா?"

"வாசல்ல நின்னு ஆண்டாளுக்கு ஒரு கும்பிடு. உள்ள போனா புருசனுக்கு, பிள்ளைக்குன்னு வரிசையா எதையாவது கேக்கணும். அதுவும் ஒரு வேலைதானலே."

விரல் நுனியில் பால்கோவாவை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். நான் போகாமல் நிற்பதை உணர்ந்து மிச்சத்தில் ஒரு துண்டை என் கையில் வைத்தார்.

"இதைத் தின்னுட்டுப் போ. ஒனக்கு இன்னிக்கு வேலை நாளு."

பதினோரு வருஷ மர்மம் அவ்வளவுதான். காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் ஒரு மனுஷி பஸ் ஏறி வந்திருக்கிறார். தெருவில் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள், கோர்ட் கேஸ்தான் அதைவிட நம்பும்படி இருந்தது.

இந்தப் புதன்கிழமைக்கு வேட்டு வைத்தது நான்தான். அதாவது, வேட்டைத் தட்டச்சு செய்தது.

ரீலிங் பெண்களுக்கு ஞாயிறு லீவு வேண்டும் என்று சங்கத்துக்காரர்கள் ரொம்பநாளாகக் கேட்டு வந்தார்கள். ஒருநாள் மேனேஜர் சம்மதித்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு அறிவிப்பு அடிக்கச் சொன்னார். நல்ல சேதி அல்லவா, நானும் உற்சாகத்தில் கொஞ்சம் இலக்கியம் சேர்த்தேன்: "ரீலிங் பிரிவுப் பெண் தொழிலாளர்கள் தம் குடும்பத்தாருடன் மகிழ்ச்சியாக இருக்கும் பொருட்டு, அவர்களது வார விடுமுறை புதனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்படுகிறது. இனித் திங்கள் முதல் சனி முடிய வேலை நாட்கள்."

பலகையில் ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். பால்கோவா வாங்கித் தருவார்கள் என்று ஓர் எதிர்பார்ப்பு. பெண்கள் கூடினார்கள். ஒருத்தி கையைக்கூடத் தட்டினாள். அக்கா விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இந்த 'மகிழ்ச்சியாக' யாரு போட்டது?"

"நான்தான்க்கா" என்றேன், பெருமையாக.

"ஒன் வீட்டுல ஞாயித்துக்கெழம யாருலே மகிழ்ச்சியா இருக்கா?"

பதில் தயாராவதற்குள் அவர் மேனேஜர் அறைக்குப் போய்விட்டார். சங்கத்துக்காரர் பின்னாலேயே ஓடினார். அவர் வாங்கித் தந்த வெற்றி அல்லவா. நான் ஒரு ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வேலை இருப்பது போல உள்ளே நுழைந்தேன்.

"ஊரே ஞாயித்துக்கிழமை லீவு கேக்குது. உங்களுக்கு மட்டும் என்னம்மா?" என்றார் மேனேஜர்.

"புதன்கெழம எல்லாரும் வெளிய போயிருவாக சார். அன்னிக்கு எனக்கு லீவு. ஞாயித்துக்கெழம எல்லாரும் வீட்டுல இருப்பாக. அன்னிக்கு நான் வீட்டுல இருந்தா அது எனக்கு எப்படி லீவு? நீங்க எனக்கு லீவு குடுக்கலை. எங்க வீட்டுக்காரவுகளுக்கு ஒரு ஆளக் குடுக்கீக."

சங்கத்துக்காரர் நெற்றியைத் துடைத்தார். "அக்கா, உலகம் பூரா வேலை நாள்னா திங்கள் தொட்டுச் சனிதான்."

"உலகத்துக்குச் சோறு பொங்குறவளக் கேட்டீகளாய்யா?"

மேனேஜர் கெட்டவரில்லை. வெளியே வந்து நாற்பது பெண்களையும் நிறுத்தி, புதனே வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார். அக்காவின் கை மட்டும் உயர்ந்தது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஒருத்தி பாதி தூக்கி, பக்கத்தில் பார்த்துவிட்டு, அந்தக் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டாள்.

"இருங்கடி, இருங்க. ஒரு மாசம் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா சிட்டம் கட்டப் போய்விட்டார்.

முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்கே அக்கா வீட்டில் ஆட்டுரல் சத்தம். அவர் வீட்டுக்காரர் லேத் பட்டறையில் டர்னர். சாதுவான மனுஷன்தான். ஆனால் சாதுக்களுக்கும் பசிக்கும். பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பழைய சோறும் கடைப் புரோட்டாவும் தின்று குறை சொல்லாதவருக்கு, மனைவி வீட்டிலிருக்கிறார் என்றதும் இட்லி வேண்டும், கறி வேண்டும், மூன்று மணிக்குப் பஜ்ஜி வேண்டும். "அவதான் சும்மா இருக்காளே" என்று வத்திராயிருப்பிலிருந்து தங்கை குடும்பத்தையும் வரச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறும் வந்தார்கள். அதற்கடுத்ததும்.

நான்காவது திங்கள்கிழமை. எட்டு மணிச் சங்குக்கு ஒரு நிமிஷம் முன்னால் அக்கா என் ஜன்னலில் அட்டையை நீட்டினார். இன்றைக்கு அடித்துக் கொடுத்தேன். அவர் அட்டையை எடுக்கவில்லை.

"நேத்துக்கும் அடி."

"நேத்து ஞாயிறுக்கா. லீவு."

"காலையில நாலரைக்கு எந்திச்சேன். ராத்திரி பத்தரைக்குப் பாத்திரம் கவுத்துனேன். நான் வேலை பாத்த நாளு. அடி."

சிரிப்பு மூட்டுவதாக நினைத்துக்கொண்டு, "அடுப்படிக்கெல்லாம் டைம் ஆபீஸ் கெடையாதேக்கா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தார். ஜன்னல் விளிம்பில் இருந்த அவர் கையில் எண்ணெய் தெறித்த கொப்புளம் இரண்டு இருந்தது.

"அதான் கொறை. நீயே ஆரம்பிச்சிரு. மில்லுக்கு அடிச்ச மாதிரி எங்க அடுப்படிக்கு ஒரு நோட்டீசு அடி. அந்த 'மகிழ்ச்சியாக' கண்டிப்பா வேணும்."

மத்தியான இடைவேளையில், மேனேஜர் சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தட்டினேன். வீரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை கதவைப் பார்த்தேன். மில் காகிதத்தைத் தொடப் பயந்து, கணக்குநோட்டுத் தாளில் அடித்தேன்.

"அறிவிப்பு. குடும்பத்தார் மகிழ்ச்சியாக இருக்கும் பொருட்டு, ஞாயிற்றுக்கிழமை இந்த அடுப்படிக்கு வார விடுமுறை. திங்கள் முதல் சனி முடிய வேலை நாட்கள். பழைய சோறு பானையிலும் ஊறுகாய் ஜாடியிலும் உள்ளன."

கடைசி வரி நான் இரக்கப்பட்டுச் சேர்த்தது. அக்கா படித்துவிட்டு, "பானையில சோறு இருக்குன்னு நான் சொன்னேனா?" என்று அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார்.

சனிக்கிழமை ராத்திரி சோற்றுப் பசையால் அடுப்படிக் கதவில் ஒட்டினார். ஞாயிறு காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு எட்டு மணி பஸ்ஸில் ஏறிவிட்டார். பத்து மணிக்கு வத்திராயிருப்பு விருந்தாளிகள் வந்தபோது, வீட்டுக்காரர் கதவுக்கு முன் நின்று அதை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தாராம்.

திங்கள் மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் மில் கேட்டுக்கு வந்தார். பசையோடு பிய்த்த காகிதம் கையில். சாப்பாட்டு வேளை. ரீலிங் பெண்கள் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"இதை அடிச்சது யாரு?"

நான் குனிந்து ரிஜிஸ்டருக்குள் ஏதோ தேடினேன். முடிந்திருந்தால் அதற்குள் போய் மூடிக்கொண்டிருப்பேன்.

"தம்பி, எந்திரி. ஒன் மிசின்ல 'ழ' ஒடைஞ்சிருக்கும்னு ஊருக்கே தெரியும்" என்றார். பிறகு குரலை ஏற்றினார். "இது செல்லாது. மேனேஜர் கையெழுத்து இல்ல. சீலு இல்ல."

மரத்தடியில் சாப்பாடு நின்றுவிட்டது. அக்கா எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை, முந்தானையில் துடைத்துக்கொண்டே ஜன்னலுக்கு வந்தார்.

"குடுங்க இங்கிட்டு."

காகிதத்தை வாங்கி என் மேஜையில் விரித்தார். என் காதிலிருந்த பேனாவை உருவி, நாக்கைக் கடித்தபடி, தன் பெயரை முழுசாக எழுதினார். அப்புறம் ஸ்டாம்ப் பேடைத் திறந்து பெருவிரலைப் புதைத்து எடுத்து, பெயருக்குப் பக்கத்தில் ஓங்கி ஒரு குத்து.

"அடுப்படிக்கு மேனேஜர் நாந்தான். கையெழுத்தும் போட்டாச்சு, சீலும் வச்சாச்சு. வேற?"

அவர் வீட்டுக்காரர் காகிதத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "நேத்து விருந்தாளிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்றார். கோபம் இறங்கி, கிட்டத்தட்ட முறையீடாக இருந்தது.

"பதினோரு வருசம் ஞாயித்துக்கெழம நான் இல்லாம பட்டினியா கெடந்தீகளா?"

"இல்ல."

"பொறவு?"

அவர் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளம்பப் போனவர் திரும்பி, "இன்னிக்கு மத்தியானத்துக்கு?" என்று கேட்டார்.

"இன்னிக்குத் திங்கக்கெழம. வேலை நாளு. அடுப்புமேல மூடி வச்சிருக்கேன், போய்ச் சாப்பிடுங்க."

மரத்தடியில் யாரோ கை தட்டினார்கள். அன்றைக்குப் பாதி தூக்கிய கையால் தலையைச் சொறிந்தவள்தான். சாயங்காலம் சங்கு ஊதியதும் அவள் என் ஜன்னலுக்கு வந்தாள். "அண்ணே, எனக்கும் ஒண்ணு அடிங்க." அவளுக்குப் பின்னால் ஏழு பேர் நின்றார்கள். கார்பன் வைத்து அடித்தேன்.

அன்று ராத்திரி வீட்டில் இந்த நாடகத்தை மூன்று குரலிலும் நடித்துக் காட்டினேன். அக்கா பெருவிரலைக் குத்துகிற கட்டத்தில் சாப்பாட்டுத் தட்டையே குத்தினேன். என் மனைவி பரிமாறிக்கொண்டே கேட்டாள்: "காப்பி மிச்சம் இருக்கா?"

"எதுக்கு?"

"கையெழுத்துப் போடுற எடம் காலியா இருக்குல்ல?"

நான் சிரித்தேன். இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அப்படியே பாதியில் வைத்துவிட்டேன். மிச்சக் காப்பி ஒன்று என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு காலை, எங்கள் அடுப்படிக் கதவில் காகிதம் ஒட்டியிருந்தது. அதன் அடியில் கையெழுத்தும், மஞ்சள் குழைத்து வைத்த ஒரு பெருவிரலும். மனைவியைத் தேடி பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். எட்டு மணி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஜன்னலோரம் அக்கா, பக்கத்தில் என் மனைவி, இரண்டு பேருக்கும் ஈரத்தலை.

"காப்பி எங்க இருக்கு? சீனி எந்த டப்பாவுல?" என்று பஸ்ஸோடு சேர்ந்து ஓடியபடி கேட்டேன். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டினார். அந்த நேரம் பார்த்து மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதியது.

"சங்கு ஊதியாச்சு, சங்கு ஊதியாச்சு" என்றார், என் ராகத்திலேயே. "ஏலே டைமாபீசு, அடுப்படிக்குப் போ!"